பேரினம் என்னும் கருதுகோள்: மோதி பாக் மரங்களும் தாவர வகைப்பாடும்

புது டெல்லியின் தென்மேற்குப் பகுதியில் ரிங் ரோட்டை ஒட்டி அமைந்துள்ள மோதி பாக், நடுவண் அரசு ஊழியர் குடியிருப்புகளாலும், பழைமையான குருத்வாராவாலும், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்றாலும் அறியப்படும் இடமாகும். ராமகிருஷ்ணபுரமும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகமும் அதன் அண்டையில் உள்ளன. சற்றுத் தொலைவில், ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகிய முகட்டுக் காடு தொடங்குகிறது. இத்தகைய குடியிருப்புகளின் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் டெல்லி நகரம் ஏறத்தாழ நூறாண்டுகளாக நட்டு வளர்த்துவந்துள்ள வேம்பு, நாவல், மருது, அரசு, கொன்றை, மஞ்சள் கொன்றை ஆகிய மரங்களும், முகட்டுக் காட்டை நிறைத்து நகருக்குள்ளும் பரவிவிட்ட சீமைக் கருவேலமும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்க்குப் புதியவை அல்ல. ஆயினும் இவற்றின் அறிவியல் பெயர்களைத் தேட முற்படும் மாணவர், ஒரே மரத்துக்கு நூலுக்கு நூல் வேறு வேறு பெயர் வழங்குவதையும், அப்பெயரின் இரண்டாம் சொல் பெரும்பாலும் நிலைத்திருக்க முதற்சொல் மட்டும் மாறிவருவதையும் கண்டு குழப்பமடைகிறார்.

மாறும் அந்த முதற்சொல்லே பேரினத்தின் பெயர். பேரினம் என்பது, இன்னின்ன தாவரங்கள் ஒரே மூதாதையிலிருந்து தோன்றியவை என்று தாவரவியல் முன்வைக்கும் ஒரு கருதுகோள் ஆகும். புதிய சான்றுகள் அக்கருதுகோளை மறுக்கும்போது, அதைத் திருத்துவது அறிவியலின் கடமையாகிறது. மோதி பாக் போன்றதொரு சாதாரணக் குடியிருப்பின் மரங்களை மட்டும் வரிசையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தாலே, கடந்த 270 ஆண்டுகளில் இக்கருதுகோள் எவ்வாறு உருவாகி, சோதிக்கப்பட்டு, செம்மையடைந்தது என்பதை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியும்.

பேரினம் உருவான விதம்

தாவர வகைப்பாட்டில், தம்முள் இனக்கலப்புற்றுத் தம்மையொத்த தலைமுறையை உருவாக்கும் உயிர்களின் தொகுதி பொதுவாகச் சிற்றினம் எனப்படுகிறது. நெருங்கிய உறவுடைய சிற்றினங்கள் சேர்ந்து பேரினமாகவும், பேரினங்கள் சேர்ந்து குடும்பமாகவும், குடும்பங்கள் சேர்ந்து வரிசையாகவும் அமைகின்றன. இவற்றுள் பேரினத்தைத் தெளிவான இலக்கணத்துடன் வரையறுத்த பெருமை, 1700ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்டு ஏறத்தாழ 700 பேரினங்களைப் பூவையும் கனியையும் அடிப்படையாகக் கொண்டு விவரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்ன்ஃபோர்ட்டைச் சாரும். அவரை அடுத்து வந்த சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ என்னும் நூலில், ஒவ்வொரு தாவரத்துக்கும் பேரினப் பெயர் ஒன்றும் சிற்றினப் பெயர் ஒன்றுமாக இரு சொற்களால் ஆன பெயரைச் சீராக வழங்கினார். அந்நூலின் வெளியீட்டையே இன்றும் தாவரப் பெயர்களின் தொடக்க எல்லையாகப் பன்னாட்டு விதிகள் கொள்கின்றன.

ஆனால் பேரினங்களுக்கு மேலான பிரிவுகளை அமைக்க லின்னேயஸ் கையாண்ட முறை செயற்கையானது. பூவிலுள்ள மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை, அமைப்பு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு அவர் தாவர உலகை 24 வகுப்புகளாகப் பிரித்தார். கொன்றைப் பூவிலும் வேப்பம் பூவிலும் மகரந்தத்தாள்கள் பத்து என்பதால், எவ்வித உறவுமற்ற அவ்விரண்டும் ஒரே வகுப்பில் இடம்பெற்றன; கொன்றையின் உறவான புளியோ, மூன்று மகரந்தத்தாள்களே முழு வளர்ச்சி பெறுவதால், புல்லினங்கள் பலவற்றோடு மற்றொரு வகுப்பில் வைக்கப்பட்டது. ஒரு தாவரத்தை எளிதில் அடையாளம் காண அம்முறை பெரிதும் பயன்பட்டதேயன்றி, தாவரங்களின் உண்மையான உறவை அது காட்டவில்லை. லின்னேயஸும் இதை அறிந்திருந்தார். வகுப்புகள் செயற்கையானவையாக இருந்தாலும், பேரினங்கள் இயற்கையில் உள்ளவை என்பதே அவரது உறுதியான கொள்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவில் குவிந்த உலர்தாவர மாதிரிகளை நேரில் ஆராய்ந்து, பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட ‘ஜெனிரா பிளாண்டாரம்’ என்னும் நூல், ஒற்றைப் பண்பை விடுத்துப் பல பண்புகளை ஒருங்கே கருதி, 97,205 சிற்றினங்களை 7,569 பேரினங்களிலும் 202 குடும்பங்களிலும் அடக்கியது. உலர்தாவரத் தொகுப்பு எனப்படுவது, செடியின் பகுதிகளைப் பூவும் காயுமாக அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, சேகரித்த இடமும் நாளும் குறித்துப் பாதுகாக்கும் நிலையமாகும். இந்தியாவின் பெரும்பாலான உலர்தாவரத் தொகுப்புகள் நெடுங்காலமாக இவ்விருவரின் முறைப்படியே அடுக்கப்பட்டு வந்துள்ளன. எனினும் அம்முறையின் கட்டமைப்பு டார்வினின் பரிணாமக் கொள்கை வேரூன்றுவதற்கு முன்பே சிந்திக்கப்பட்டது. பண்புகளின் ஒப்புமையை மரபுவழி உறவின் விளைவாகக் காணும் பார்வை அதன் பின்னரே வலுப்பெற்றது. அதன்பிறகு ‘இயற்கையான பேரினம்’ என்பதற்கு ஒரே மூதாதையிடமிருந்து வந்த தொகுதி என்னும் திட்டவட்டமான பொருள் கிடைத்தது.

நிலைத்து நின்ற பேரினமும் பிரிந்து சென்ற பேரினமும்

எல்லாப் பேரினங்களும் மாற்றத்துக்கு உள்ளாவதில்லை என்பதற்கு டெல்லியின் அரசமரமே சான்று. அரசு, ஆல், அத்தி, டெல்லிச் சாலைகளில் நிழல்தரும் பில்கன் ஆகிய நான்கும் தோற்றத்தில் வேறுபட்டவை: ஆல் விழுதூன்றிப் பரவுகிறது, அரசின் இலை நீண்ட வால்போன்ற நுனியுடையது, அத்தி தன் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது. ஆயினும் இவை யாவும் ஃபைகஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காரணம், கனி என்று நாம் கருதுவது இவற்றில் உண்மையில் ஒரு மஞ்சரி. அதாவது, நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்களைத் தன் உட்சுவரில் தாங்கி, நுனியில் சிறு துளை மட்டும் விட்டு மூடிக்கொண்ட சதைப்பற்றுள்ள கலம். சைக்கோனியம் எனப்படும் இவ்வமைப்பினுள் அத்துளை வழியே நுழையும் மிகச் சிறிய குளவிகளே மகரந்தச் சேர்க்கையை நிகழ்த்துகின்றன. பெரும்பாலான ஃபைகஸ் சிற்றினங்கள் தத்தமக்கெனத் தனிக் குளவியினத்தையே சார்ந்துள்ளன. உலகெங்கும் 750க்கு மேற்பட்ட சிற்றினங்களாகப் பெருகியும் இந்தச் சிக்கலான அமைப்பு மாறாதிருப்பது, அது ஒரே மூதாதையிடமிருந்து வந்த உடைமை என்பதை உணர்த்துகிறது. லின்னேயஸ் 1753இல் வகுத்த இப்பேரினம் மரபணு ஆய்வுகளுக்குப் பின்னரும் குலையாமல் நிற்பதற்கு அதுவே அடிப்படை.

வேம்பின் வரலாறு இதற்கு மாறானது. லின்னேயஸ் வேம்பை, வட இந்தியாவில் பகாயன் எனப்படும் மலை வேம்போடு சேர்த்து, மீலியா என்னும் பேரினத்தில் வைத்தார். இரண்டின் இலைகளும் கூட்டிலைகள். இரண்டின் பூக்களிலும் மகரந்தத்தாள்கள் ஒன்றிணைந்து ஒரு குழல்போல் அமைந்துள்ளன. ஆனால் வேம்பின் இலை ஒருமுறை மட்டுமே பிரிந்த சிறகுக் கூட்டிலை. மலை வேம்பின் இலையோ இருமுறை பிரிந்தது. வேப்பங்கொட்டையில் பொதுவாக ஒரு விதையே இருக்க, மலை வேம்பின் கடினமான கொட்டை பல அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இத்தகைய வேறுபாடுகளைக் கருதி, 1830இல் அத்ரியன் ழூசியூ வேம்பை அசாடிராக்டா என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தார். இன்று அப்பேரினத்தில் இந்திய வேம்பும் தென்கிழக்கு ஆசியாவின் மற்றொரு வேம்புமாக இரண்டே சிற்றினங்கள் உள்ளன. 1968இல் வேப்ப விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பூச்சிகளைத் தடுக்கும் வேதிப்பொருளின் நெருங்கிய வகைகள் அந்தத் தென்கிழக்கு ஆசிய வேம்பிலும் காணப்படுகின்றன. சரியாக வகுக்கப்பட்ட பேரினம், ஒரு சிற்றினத்தில் கண்ட பண்பை அதன் உறவிலும் தேடலாம் என்னும் முன்னறிவிப்பைத் தருகிறது. வகைப்பாட்டின் நடைமுறைப் பயன்களுள் இதுவே தலையாயது.

நாவல்: ஒப்புமை ஏமாற்றிய இடம்

புது டெல்லி தலைநகராகக் கட்டப்பட்டபோது சாலைமரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் நாவலும் ஒன்று. அதை லின்னேயஸ் 1753இல் மிர்ட்டஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். பின்னர் லமார்க் அதை யூஜீனியாவில் வைத்தார். பிரிட்டிஷ் இந்தியக் காலத்துத் தாவர நூல்களும் மருத்துவ நூல்களும் நாவலை யூஜீனியா ஜாம்போலானா என்றே குறித்தன. 1912இல் ஸ்கீல்ஸ் அதை சைசீஜியம் குமினி என்று மாற்றியமைத்தார். மூன்று பேரினங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; எதிரெதிராக அமைந்த, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த இலைகளும், எண்ணற்ற மகரந்தத்தாள்களால் குஞ்சம்போல் விளங்கும் பூக்களும், சதைப்பற்றுள்ள கனிகளும் மூன்றுக்கும் பொது.

யூஜீனியாவின் சிற்றினங்கள் பெரும்பாலும் அமெரிக்க வெப்ப மண்டலத்திலும், சைசீஜியத்தின் சிற்றினங்கள் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளிலும் வாழ்கின்றன. அவற்றின் சூலகத்துக்கு உணவும் நீரும் கொண்டுசெல்லும் குழாய்த் திசுக்கள் அமைந்துள்ள விதத்தை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, வெளித்தோற்றத்தில் மயங்கவைக்கும் அவ்விரண்டும் உள்ளமைப்பில் வேறுபட்டவை என்பது தெளிந்தது; பின்னர் நடந்த மரபணு ஒப்பீடுகள், அவை ஒரே குடும்பத்துக்குள் தனித்தனிக் கிளைகளில் தோன்றியவை என்று உறுதிசெய்தன. உறவு நெருக்கம் இல்லாத உயிர்கள் ஒத்த சூழலில் ஒத்த வடிவத்தை அடைவது குவிபரிணாமம் எனப்படுகிறது. சதைக்கனியைக் கொண்டு பறவைகளாலும் விலங்குகளாலும் விதை பரவச்செய்யும் வாழ்க்கைமுறை இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியதே இம்மயக்கத்தின் காரணம். நாவலின் நெருங்கிய உறவு அமெரிக்க யூஜீனியாவில் இல்லை. சமையலறையில் பயன்படும் கிராம்பே அதன் பேரின உறவு. ஏறத்தாழ 1,200 சிற்றினங்களைக் கொண்ட சைசீஜியம், மரங்களைக் கொண்ட பேரினங்களுள் மிகப் பெரியதாக இன்று கருதப்படுகிறது.

கொன்றையும் மஞ்சள் கொன்றையும்

கோடையில் டெல்லியைப் பொன்னிறமாக்கும் சரக்கொன்றையும், மழைக்காலத்தை ஒட்டிக் கிளை நுனிகளில் மஞ்சள் கொத்துகளை நிமிர்த்தும் மஞ்சள் கொன்றையும், தென்னிந்தியாவின் ஆவாரையும் 1980ஆம் ஆண்டுவரை காசியா என்னும் ஒரே பேரினத்தில் இருந்தன. ஜே. கே. மகேஸ்வரி எழுதி 1963இல் வெளிவந்த ‘டெல்லியின் தாவரங்கள்’ என்னும் நூலைக் கையாளுபவர், மஞ்சள் கொன்றையைக் காசியாவின் கீழேயே தேட வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கான சிற்றினங்களைக் கொண்டு அளவிறந்து பெருத்திருந்த அப்பேரினத்தை அமெரிக்கத் தாவரவியலாளர்களான இர்வினும் பார்னபியும் விரிவாக ஆராய்ந்து, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் காசியா, சென்னா, காமேகிரிஸ்டா என மூன்றாகப் பிரித்தனர்.

அவர்கள் காட்டிய வேறுபாடுகளைப் பூவையும் காயையும் கையில் வைத்துக்கொண்டு எவரும் சரிபார்க்கலாம். சரக்கொன்றையின் பத்து மகரந்தத்தாள்களுள் மூன்றின் கம்பிகள் மற்றவற்றைவிடப் பன்மடங்கு நீண்டு, வளைந்து தொங்குகின்றன. அதன் காய் உருளையாக நீண்டு, முதிர்ந்த பின்னும் வெடிக்காமல் மரத்திலேயே தங்குகிறது. மஞ்சள் கொன்றையின் பூவில் அத்தகைய நீண்ட வளைந்த கம்பிகள் இல்லை. பூக்காம்பில் காணப்படும் பூக்காம்புச் செதில் எனும் நுண்ணிலையும் இல்லை. காயோ தட்டையாக இருந்து முதிர்ந்து வெடிக்கிறது. எனவே சரக்கொன்றை காசியா ஃபிஸ்துலாவாகவே நீடிக்க, மஞ்சள் கொன்றை சென்னா சயாமியாவாகவும், ஆவாரை சென்னா ஆரிகுலேட்டாவாகவும் மாறின. தகரையும் சீமை அகத்தியும் அவற்றோடு சென்னாவில் சேர்ந்தன. மூன்றாவதாகிய காமேகிரிஸ்டாவின் செடிகள் தம் காய்களை முறுக்கி வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்பவை.

இப்பிரிவினையின் நியாயத்தை வேரும் உறுதிப்படுத்துகிறது. பருப்புக் குடும்பத்துத் தாவரங்கள் பலவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் சேர்மமாக மாற்றுகின்றன. காமேகிரிஸ்டாவின் வேர்களில் அம்முடிச்சுகள் தோன்றுகின்றன, காசியாவிலும் சென்னாவிலும் தோன்றுவதில்லை. மூன்றும் ஒரே பேரினமாக இருந்தபோது முரண்பாடாகத் தோன்றிய இச்செய்தி, பிரித்த பின்னர் ஒழுங்கான பண்பாக விளங்கியது. மண்ணை வளப்படுத்தச் செடி தேர்ந்தெடுப்பவர்க்கும் இவ்வேறுபாடு பயனுடையது.

கருவேலம்: சான்றும் விதியும்

பேரினம் பிரிக்கப்படும்போது, பழைய பெயர் எந்தப் பகுதிக்கு உரியது என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடைகாணப் பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு இரு கொள்கைகளைக் கையாளுகிறது. முறையாக முதலில் வெளியிடப்பட்ட பெயருக்கே உரிமை என்பது முன்னுரிமைக் கொள்கை. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட சிற்றினத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுள்ளது, அச்சிற்றினம் எங்குச் செல்கிறதோ அங்கே அப்பெயரும் செல்லும் என்பது வகைமாதிரிக் கொள்கை. இவ்விரண்டாலும் பெருங்குழப்பம் விளையும் எனத் தோன்றினால், தாவரவியல் மாநாடு விதிவிலக்கு அளித்து ஒரு பெயரைப் பாதுகாக்கலாம்.

டெல்லியில் தேசி கிகர் எனப்படும் கருவேலத்தின் வரலாறு இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதிய இடம். 1754இல் பிலிப் மில்லர் வகுத்த அகேசியா என்னும் பேரினப் பெயர் கருவேலத்தோடு பிணைந்திருந்தது. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்டிருந்த அப்பேரினம் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று என்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. மரபணு ஆய்வில், பசுங்கணிகத்திலும் உட்கருவிலும் உள்ள டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட பகுதிகளின் எழுத்து வரிசை பல சிற்றினங்களில் ஒப்பிடப்படுகிறது; எவை எந்த மாற்றங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைக் கொண்டு அவற்றின் கிளைவழி வரையப்படுகிறது. அவ்வாறு வரைந்தபோது, அகேசியா என ஒன்றாக எண்ணப்பட்டவை குறைந்தது ஐந்து தனிக் கிளைகளாகச் சிதறின. கருவேலமும் வெள்வேலமும், இலையடிச் செதில்கள் இணையிணையாக முள்ளாக மாறிய கிளையில் அமைந்தன. கொக்கிபோன்ற சிறுமுட்களைக் கொண்ட சீகைக்காய் மற்றொரு கிளையில் சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்களைக் கொண்ட ஆஸ்திரேலிய மரங்கள், இலைக்காம்பே இலைபோல் தட்டையாகிய பல இனங்களுடன், மூன்றாவது கிளையாயின.

விதிப்படி அகேசியா என்னும் பெயர் கருவேலத்துக்கே உரியது. ஆனால் அவ்வாறு கொண்டால் ஆயிரம் ஆஸ்திரேலிய மரங்களின் பெயரும் மாற வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க, வகைமாதிரியை ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்றும் முன்மொழிவு 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் கடும் விவாதத்துக்கிடையே நிலைபெற்று, 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் உறுதியானது. ஆப்பிரிக்காவும் ஆசியாவும் தம் பழம்பெரும் பேரினப் பெயரை இழந்தன என்று பல தாவரவியலாளர் வருந்தியது நியாயமே. எனினும் கருவேலத்தின் கிளைக்குக் கிடைத்த வாச்செல்லியா என்னும் பெயர், முன்னுரிமை விதிப்படி 1834ஆம் ஆண்டின் ஒரு நூலிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, ரங்கய்யா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்களின் துணையோடு தென்னிந்தியத் தாவரங்களை ஆவணப்படுத்திய ராபர்ட் வைட், ஆர்னட்டுடன் இணைந்து எழுதிய தீபகற்ப இந்தியத் தாவர நூலே அது. தென்னிந்தியச் சேகரிப்புகளை அடிப்படையாகக் கொண்டு பிறந்த ஒரு பெயர், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின் ஆப்பிரிக்காவின் முள்மரங்களுக்கும் டெல்லியின் கிகருக்கும் பொதுப்பெயராயிற்று.

வன்னியும் சீமைக் கருவேலமும்

சீமைக் கருவேலம் பெயரளவில் மட்டுமே கருவேலத்தின் உறவு. மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை இயற்கையாக வளரும் அம்மரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு, பின்னர் டெல்லி முகட்டிலும் பசுமைக்காக நடப்பட்டு, மற்ற மரங்களை ஒடுக்கிப் பெருகியது. தமிழ்நாட்டில் அதை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது ஏரிகளையும் தரிசு நிலங்களையும் கைப்பற்றியது. நெடுங்காலம் அது ப்ரோசோபிஸ் என்னும் பேரினத்தில், ராஜஸ்தானத்தின் மாநில மரமும் விருத்தாசலம் கோயிலின் தலமரமுமாகிய வன்னியோடு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது.

2022இல் வெளியான ஆய்வு, ப்ரோசோபிஸை நான்கு பேரினங்களாகப் பகுத்தது. ஆசியாவைச் சார்ந்த வன்னியும் அதன் நெருங்கிய உறவுகள் இரண்டும் மட்டுமே ப்ரோசோபிஸில் நீடிக்க, சீமைக் கருவேலம் உள்ளிட்ட பெரும்பாலான அமெரிக்க மரங்கள் நெல்டூமா என்னும் பேரினத்துக்குச் சென்றன. லின்னேயஸ் 1767இல் அப்பேரினத்தை வகுத்தபோது அடிப்படையாகக் கொண்டது இந்திய வன்னியே என்பதால், வகைமாதிரிக் கொள்கை இங்கு விதிவிலக்கின்றிச் செயற்பட்டது. எண்ணிக்கையில் மிகுந்த அமெரிக்க மரங்கள் பெயர் மாற, மூன்றே சிற்றினங்களைக் கொண்ட ஆசியக் கிளை பழைய பெயரைத் தக்கவைத்தது.

இம்மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஊடுருவிப் பரவும் ஒரு தாவரத்தைக் கட்டுப்படுத்த அதன் தாயகத்துப் பூச்சிகளை வரவழைக்கும்போது, அப்பூச்சிகள் உள்நாட்டுத் தாவரங்களைத் தாக்குமா என்பதை முன்னதாகச் சோதிக்க வேண்டும். அச்சோதனையில், இலக்குத் தாவரத்துக்கு மிக நெருங்கிய உறவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தொலைவான உறவுகளுக்குச் செல்வதே வழக்கம். சீமைக் கருவேலத்துக்கும் வன்னிக்கும் இடையிலான உறவின் தொலைவைத் துல்லியமாக அறிவது, பாலைநில மக்கள் போற்றும் ஒரு மரத்தைக் காப்பதற்கு நேரடியாகத் துணைசெய்யும் அறிவாகும்.

பிரிப்பது மட்டுமன்று, சேர்ப்பதும்

வகைப்பாடு எப்போதும் பேரினங்களைப் பிரித்துக்கொண்டே செல்கிறது என்னும் எண்ணமும் சரியன்று. ஆரவல்லியின் பாறைச் சரிவுகளில் இயற்கையாக வளர்வதும், டெல்லி எல்லையை ஒட்டிய மாங்கர் பணி என்னும் புனிதக் காட்டில் இன்றும் செழித்திருப்பதுமாகிய தௌ என்னும் மரம், அனோகீசஸ் என்னும் பேரினத்தில் இருந்தது. அதன் பூக்கள் உருண்டைத் தலைகளாக அமைவதால், கதிர்போல் பூக்கும் மருது, கடுக்காய், தான்றி ஆகியவை அடங்கிய டெர்மினேலியாவிலிருந்து அது தனித்ததாகக் கருதப்பட்டது. மரபணு ஆய்வோ, அனோகீசஸ் முழுவதும் டெர்மினேலியாவின் கிளைவழிக்கு உள்ளேயே தோன்றிய ஒரு சிறு கிளை என்று காட்டியது.

இன்றைய வகைப்பாடு ஏற்கும் பேரினம் ஒற்றை மரபுத் தொகுதியாக இருத்தல் வேண்டும். அதாவது, ஒரு மூதாதையையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தையும், எதையும் விடாமல், உள்ளடக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் கொடிவழியை எழுதும்போது ஒரு மகளின் பிள்ளைகளை மட்டும் வேற்றுக் குடும்பத்தார் என்று விட்டுவிடுவது எவ்வாறு பிழையோ, அவ்வாறே அனோகீசஸை விலக்கிய டெர்மினேலியாவும் குறையுடையது. இக்குறையைப் போக்க, டெர்மினேலியாவைப் பல துண்டுகளாக உடைக்கலாம், அல்லது அனோகீசஸை அதனுள் சேர்க்கலாம். இரண்டும் மரபணுச் சான்றுக்குப் பொருந்துபவையே. மருது, கடுக்காய் முதலிய பயன்மிக்க மரங்களின் பெயர் நிலைக்க வேண்டும் என்று கருதி, 2017இல் ஆய்வாளர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். தௌ மரம் டெர்மினேலியா பெண்டுலாவாயிற்று.

இங்கு வகைப்பாட்டின் இயல்பு முழுமையாகத் துலங்குகிறது. எந்த மரம் எதன் உறவு என்பது இயற்கையில் நிகழ்ந்துவிட்ட வரலாறு. அதைச் சான்றுகளால் கண்டறிய மட்டுமே முடியும். அக்கிளைவழியில் எந்த இடத்தில் எல்லையிட்டுப் ‘பேரினம்’ என்று பெயர் சூட்டுவது என்பதோ, பயன்பாடும் நிலைத்தன்மையும் கருதி அறிஞர்கள் கூடி எடுக்கும் முடிவு. முன்னதில் பிழை நேர்ந்தால் திருத்தியே ஆக வேண்டும். பின்னதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவர்க்குப் பெயர் மாற்றம் எரிச்சலூட்டுவதில்லை.

பெயரைப் படிக்கும் முறை

தாவரப் பெயரை முழுமையாக எழுதும்போது, அதன் இறுதியில் பெயரிட்டவரின் பெயரும் சுருக்கமாகச் சேர்க்கப்படுகிறது. ஃபைகஸ் ரிலிஜியோசா லின். என்பதில் அடைப்புக்குறி இல்லாததால், லின்னேயஸ் வைத்த பேரினத்திலேயே அரசு இன்றும் உள்ளது என அறியலாம். சைசீஜியம் குமினி (லின்.) ஸ்கீல்ஸ் என்பதிலோ, குமினி என்னும் சிற்றினப் பெயரை முதலில் சூட்டியவர் லின்னேயஸ் என்றும், அதை இன்றைய பேரினத்துக்கு மாற்றியவர் ஸ்கீல்ஸ் என்றும் அடைப்புக்குறியே தெரிவிக்கிறது. காசியா ஃபிஸ்துலா லின். என்பதையும் சென்னா சயாமியா (லாம்.) இர்வின், பார்னபி என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர், நிலைத்து நின்ற கொன்றையையும் இடம்பெயர்ந்த கொன்றையையும் எந்த நூலின் உதவியுமின்றி வேறுபடுத்திவிடலாம்.

பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் மரங்களுக்கு மாட்டப்படும் பெயர்ப் பலகைகள் இந்த இறுதிப் பகுதியை விட்டுவிடுவதும், பழைய பேரினப் பெயரைக் குறிப்பிடாமல் இருப்பதும் மாணவர்க்குப் பேரிழப்பாகும். வன ஆவணங்களும் மருத்துவ நூல்களும் பழைய பாடநூல்களும் பெரும்பாலும் முன்னைய பெயர்களையே தாங்கியிருப்பதால், யூஜீனியா ஜாம்போலானாவும் சைசீஜியம் குமினியும் ஒரே நாவலே என்பதை அறியாதவர் அம்மரத்தைப் பற்றிய நூறாண்டு அறிவைத் தவறவிட நேரும். இன்றைய பெயர், ஆசிரியர் பெயர், பழைய பெயர், மாற்றம் நிகழ்ந்த ஆண்டு ஆகிய நான்கையும் தமிழ்ப் பெயரோடு சேர்த்து எழுதினால், ஒரு சிறு பலகையே வகைப்பாட்டுப் பாடமாகிவிடும். பூக்கும் தாவரங்களில் மட்டும் ஏறத்தாழ 13,000 பேரினங்கள் இன்று ஏற்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல இனிமேலும் சோதிக்கப்படவும் திருத்தப்படவும் உள்ளன. ஒரு பேரினப் பெயரை மாணவர் மனப்பாடப் பொருளாகக் கொள்ளாமல், சரிபார்க்கத்தக்க ஒரு கூற்றாகக் கொண்டு, தம் குடியிருப்பின் கொன்றைப் பூவைப் பறித்து அதன் மகரந்தக் கம்பிகளை எண்ணிப் பார்ப்பாராயின், அவர் தாவரவியலைக் கற்பதோடு நில்லாமல் அதைச் செய்யவும் தொடங்கிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.